தங்கமா, பிளாட்டினமா? விற்கப்போகும் நாளிலிருந்து ஒரு கணக்கு

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் காவேரிப்பட்டினம் பக்கத்து மாந்தோப்புக்காரர். பெங்களூரா காயைக் கூழ் ஆலைக்கு அனுப்பி வந்த பணம் கையில் இருக்கிறது. மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு இப்போதிருந்தே சேர்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி. கணவன், மனைவி இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம்.

"தங்கம் எட்டாத விலைக்குப் போயிடுச்சுண்ணா. பிளாட்டினம் அதில் பாதிதானாம். முன்னாடி தங்கத்தைவிட ஒசத்தியா வித்ததாமே, இப்ப வாங்கிப் போட்டா பத்து வருஷத்துல மேல வந்துடாதா?" என்று அந்தத் தம்பி கேட்டார். மாந்தோப்புக்காரருக்கும் யாரோ இதையே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அதற்கான காரணம்தான் இந்தக் கட்டுரை.

தருமபுரியில் இருபது வருஷத்துக்கு மேலாக நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். அடகுக்கு வரும் நகையை உரசிப் பார்த்து, கல் எடை, அரக்கு எடை கழித்து, நிகர எடையையும் தரத்தையும் எழுதிக் கொடுப்பது என் வேலை. கடைக்காரர் ஒரு நகையைச் சந்தோஷமான நாளில் பார்க்கிறார். என்னிடம் அதே நகை பெரும்பாலும் கஷ்டமான நாளில் வருகிறது. அதனால் எந்த உலோகத்தையும் விற்கப்போகும் நாளிலிருந்து திரும்பிப் பார்த்தே பழகிவிட்டேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பணமாகும்? வாங்கும்போதும் விற்கும்போதும் எவ்வளவு கழியும்? விலையை ஏற்றி இறக்குவது எது? சுத்தத்துக்கு யார் பொறுப்பு? கடைசியாக, வரி.

நகரத்துப் பொருளாதார நிபுணர்கள் விலை ஏற்றத்தை முதலில் வைப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் அந்த வரிசை ஒத்துவராது என்பது என் எண்ணம். மழையை நம்பிப் பயிர் வைக்கிற ஊர் இது. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி ஒரு வாரம் பணமாகவும் மறு வாரம் ரோட்டோரக் குப்பையாகவும் போவதைப் பார்த்தவர்கள் நாம். ஆடிப்பட்டத்து விதைப்புக்கு அடகு போகும் சங்கிலி, அறுவடை முடிந்ததும் மீண்டு வருகிறது. பத்து வருஷம் தொடாமல் வைத்திருப்பேன் என்று வாங்கிய உலோகத்தை மூன்றாம் வருஷமே எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஆகவே பணமாகும் வழியை முதலில் வைக்கிறேன்.

## பணமாகும் வழி

தங்கம்: அரூரானாலும் பென்னாகரமானாலும் தேன்கனிக்கோட்டையானாலும் தங்கத்தைக் காட்டினால் அன்றைக்கே பணம். வங்கி, கூட்டுறவுச் சங்கம், நிதி நிறுவனம், அடகுக் கடை என்று நான்கு கதவு திறந்திருக்கும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, சொந்தச் செலவுக்கு வாங்கும் நகைக்கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரையிலும், ஐந்து லட்சம் வரை என்றால் 80 சதவீதம் வரையிலும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையிலும் தரலாம். 2021-ல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தகுதி பார்த்துத் தள்ளுபடி செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். வேறெந்த உலோகத்துக்கும் இப்படி ஒரு கவனிப்பு நம் ஊரில் கிடைத்ததில்லை.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதே விதிகள் கட்டித் தங்கத்தின் மேல் கடன் கொடுக்கக் கூடாது என்கின்றன. நாணயம் என்றால் ஒருவருக்கு 50 கிராம் வரைதான். தங்க இ.டி.எஃப் (பங்குச் சந்தையில் யூனிட் கணக்கில் வாங்கும் தங்க நிதி) யூனிட்டும் நகைக்கடனுக்கு ஆகாது. அடகு வைக்க நேரும் என்று தோன்றினால் நகையாக வைத்திருப்பதே நல்லது.

பிளாட்டினம்: மேலே சொன்ன விதிகள் தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான். பிளாட்டினத்துக்கு அதில் இடமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கொண்டுபோய்க் காட்டினால் நானே திருப்பித்தான் கொடுக்க வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு இளைஞர் பிளாட்டினம் சங்கிலியும் ஜோடி மோதிரமும் எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். எடை போட்டுப் பார்த்தால் கனமான பொருள், விலையும் அதிகம். ஆனால் எந்த இடத்திலும் அடகு வாங்கவில்லை. கடைசியில் வாங்கின கடைக்கே பெங்களூருக்குப் போனார். நகையோடு கொடுத்த உறுதி அட்டை தொலைந்துபோயிருந்தது. பணமாகத் தர முடியாது, கழிவு போக வேறு நகை எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். அன்று ராத்திரி அவருக்குக் கைகொடுத்தது அவர் அம்மா கழற்றிக் கொடுத்த இரண்டு பவுன் வளையல்தான். அந்த வளையலை உரசிப் பார்த்து எழுதியதும் நான்தான், அதனால் அந்த நாள் மறக்கவில்லை.

## போகும்போதும் வரும்போதும் கழிவது

கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் செய்கூலி, சேதாரம் மாறும். கீழே இருப்பது கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், ரூபாயில். (916, 950 என்பவை ஆயிரத்தில் எத்தனை பங்கு சுத்த உலோகம் என்பதைக் காட்டுபவை.) உங்கள் கடை சொல்லும் சதவீதத்தைப் போட்டு இதே போல நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

| | தங்க நகை (916) | தங்க நாணயம் | பிளாட்டினம் நகை (950) |
|---|---|---|---|
| உலோக மதிப்பு | 1,00,000 | 1,00,000 | 1,00,000 |
| செய்கூலி, சேதாரம் | 12,000 | 3,000 | 20,000 |
| ஜி.எஸ்.டி 3% | 3,360 | 3,090 | 3,600 |
| நீங்கள் கொடுப்பது | 1,15,360 | 1,06,090 | 1,23,600 |
| மறுநாளே விற்றால் கைக்கு வருவது | 98,000 | 98,000 | 85,000 |
| கைநட்டம் வராமல் இருக்க விலை ஏற வேண்டியது | சுமார் 18% | சுமார் 8% | சுமார் 45% |

கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். உலோக விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், தங்க நகை போட்ட பணத்தைத் தொட ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். பிளாட்டினம் நகைக்கு ஆறரை வருஷம். பத்து வருஷத் திட்டத்தில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

பிளாட்டினத்துக்கு ஏன் இவ்வளவு கழிவு? கடைக்காரரின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தங்கம் 1,064 டிகிரியில் உருகும், நம் ஊர் ஆசாரி தன் பட்டறையிலேயே உருக்கிவிடுவார். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். தனிக் கருவி, தனிப் பயிற்சி. பழைய பிளாட்டினத்தை வாங்குகிற கடை அதை உருக்கிச் சுத்தம் செய்ய வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

தங்கத்தில் மறைந்திருக்கும் செலவு கல். கல் பதித்த நகையில் கல்லையும் சேர்த்து எடை போட்டுத் தங்க விலையில் பில் போட்டிருந்தால், திரும்ப வரும் நாளில் அது முழு நட்டம். நாங்கள் கல் எடையைக் கழித்துத்தான் எழுதுவோம். சேமிப்புக்காக வாங்குகிறவர்கள் கல் நகை பக்கமே போக வேண்டாம். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

## விலையை ஆட்டிவைப்பது எது

பிளாட்டினத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது "அது தங்கத்தைவிட அரிது" என்பதுதான். உண்மைதான். உலகச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,600 டன் தங்கம் வருகிறது. பிளாட்டினம் 200 டன்கூட வருவதில்லை. ஆனால் அரிதாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் விலை ஏறாது. வாங்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரிக்கு நேர் வடக்கே, எல்லை தாண்டினால் கோலார் தங்கவயல். நூற்று இருபது வருஷம் தோண்டி, 2001-ல் மூடினார்கள். அங்கே வெட்டியெடுத்த தங்கம் அழிந்துவிடவில்லை. உருகி, உருமாறி இன்றும் யாரோ ஒருவர் கழுத்தில் கிடக்கிறது. இப்படி உலகத்தில் மனிதர் கையில் சேர்ந்திருக்கும் தங்கம் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். அதை விடாமல் வைத்திருப்பவர்கள் குடும்பங்களும் அரசுகளும். 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் உலக நாடுகளின் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. நம் ரிசர்வ் வங்கியிடமும் 850 டன்னுக்கு மேல் இருக்கிறது. உலகம் பயப்படும்போது தங்கத்தைத் தேடி ஓடுகிறார்கள்.

பிளாட்டினம் தொழிற்சாலைப் பொருள். அதில் பெரும்பங்கு, ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு, வாகனப் புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்குள் போகிறது. முக்கியமாக டீசல் வண்டிகளில். ஓசூரிலிருந்து புறப்படும் புதிய டீசல் லாரியின் புகைக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி இடத்தில்தான் இந்த உலோகத்துக்கு வேலை. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் புகை மோசடி வெளிவந்து, ஐரோப்பாவில் டீசல் கார் விற்பனை சரியத் தொடங்கியதும் பிளாட்டினமும் சேர்ந்து அடிவாங்கியது. இப்போது நம் கண்ணெதிரே போச்சம்பள்ளியில் ஓலாவும் ஓசூரில் ஏத்தரும் டி.வி.எஸ்ஸும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறார்கள். அந்த வண்டிகளுக்குப் புகைக்குழாயே கிடையாது. லாரிகளும் கார்களும் எவ்வளவு வேகமாக அந்தப் பக்கம் போகும் என்பதைப் பொறுத்துத்தான் பிளாட்டினத்தின் எதிர்காலம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். உலகப் பிளாட்டினத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் தென்னாப்பிரிக்கா ஒரே நாட்டிலிருந்து வருகிறது. 2014-ல் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மின்வெட்டு, பழைய சுரங்கம் என்று உற்பத்தி ஏறவே இல்லை. 2023 முதல் 2025 வரை தொடர்ந்து தேவையைவிட வரத்து குறைவு. ஹைட்ரஜன் எரிபொருள் கருவிகளிலும் பிளாட்டினம் வேண்டும், அந்தத் தொழில் வளர்ந்தால் புதிய கிராக்கி வரும். இதையெல்லாம் நம்பிப் பிளாட்டினம் வாங்குகிறவரை நான் தவறு சொல்ல மாட்டேன். அவர் ஒரு தொழிலின் மேல் பந்தயம் கட்டுகிறார், அது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

விலை வரலாற்றையும் பார்த்துவிடுவோம். 2008 மார்ச்சில் பிளாட்டினம் ஒரு அவுன்ஸ் 2,200 டாலரைத் தாண்டியது. (ஒரு அவுன்ஸ் 31.1 கிராம்.) அப்போது தங்கம் ஆயிரம் டாலர் அருகில். அதே ஆண்டு முடிவதற்குள் பிளாட்டினம் 900 டாலருக்கும் கீழே விழுந்தது. 2015-லிருந்து தங்கத்துக்குக் கீழேயே கிடக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் 600 டாலர் வரை இறங்கியது. 2025-ல் திடீரென்று எழுந்து, ஆண்டுத் தொடக்க விலையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டியது. அதே 2025-ல் தங்கம் 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. 2008 உச்சத்தில் பிளாட்டினம் வாங்கியவர் பத்து வருஷம் பொறுத்திருந்தும் நட்டத்தில்தான் இருந்திருப்பார். பாதி விலையில் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு நாள் தங்கத்தைப் பிடித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பத்து வருஷமாக அது பிடிக்கவில்லை.

தங்கமும் ஒரே மூச்சில் ஏறிவிடவில்லை. 1980 ஜனவரியில் 850 டாலர் தொட்ட தங்கம் அந்த விலையை மறுபடி பார்க்க 2008 ஆனது. 2011-ல் 1,900 டாலர் வரை போய், 2015 முடிவில் 1,050 அருகில் வந்தது. நமக்கு அந்த இறக்கங்கள் அவ்வளவாக உறைக்காததற்குக் காரணம் ரூபாய். 1980-ல் ஒரு டாலர் எட்டு ரூபாய், 2008-ல் நாற்பது ரூபாய். டாலரில் விலை தூங்கினாலும் ரூபாயில் பெரும்பாலும் ஏறியே வந்தது. பிளாட்டினத்துக்கும் இந்த உதவி உண்டு என்றாலும் அதன் வீழ்ச்சியை அது முழுதாக மறைக்கவில்லை.

## சுத்தத்துக்கு யார் பொறுப்பு

தங்கம்: 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை என்றால் பி.ஐ.எஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, சுத்தம், நகைக்கு நகை வேறுபடும் ஆறு எழுத்து கொண்ட எச்.யு.ஐ.டி எண் மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். அது இல்லாத பழைய நகை என்றாலும் உரைகல்லும் திராவகமும் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவோம்.

பிளாட்டினம்: 950 என்ற முத்திரையும் விற்பவர் தரும் உறுதி அட்டையும்தான். தங்கத்துக்கு இருக்கும் கட்டாய ஹால்மார்க் இதற்கு இல்லை. கண்ணுக்கு வெள்ளைத் தங்கமும் பிளாட்டினமும் ஒன்றுபோலவே தெரியும். நாங்கள் வழக்கமாக வைத்திருக்கும் திராவகம் அதன் மேல் வேலை செய்யாது, இரண்டு கடும் அமிலம் கலந்த ராஜ திராவகம்தான் அதைக் கரைக்கும். அதற்கேற்ற கருவி உள்ள இடத்தில்தான் சோதிக்க முடியும். அட்டை தொலைந்தால் நகையின் பாதி பலம் போச்சு.

## வரி

இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு உலோகத்தையும் 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேரும். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரி தங்கத்துக்கு 15-லிருந்து 6 சதவீதமாகவும் பிளாட்டினத்துக்கு 15.4-லிருந்து 6.4 சதவீதமாகவும் குறைந்தபோது இரண்டின் உள்ளூர் விலையும் ஒரே நாளில் இறங்கியது. லாபக் கணக்குக்காகப் பில்லைப் பத்திரமாக வையுங்கள். எப்போது, எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

## நகையாக வேண்டாம் என்றால்

தங்கத்துக்கு வழி நிறைய. தங்க இ.டி.எஃப் 2007 முதல் இருக்கிறது. செய்கூலி இல்லை, திருட்டுப் பயம் இல்லை, ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குள் நிர்வாகச் செலவு. 12 மாதம் தாண்டினாலே நீண்டகால லாபக் கணக்கில் வந்துவிடும். அரசின் தங்கப் பத்திரம் இதையெல்லாம்விட நன்றாக இருந்தது. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வந்த முதல் பத்திரத்துக்கு 2023 நவம்பரில் 6,132 ரூபாய் கொடுத்தார்கள், வட்டி தனி. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய பத்திரம் வெளியிடவில்லை. பழையதைச் சந்தையில் மற்றவரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

பிளாட்டினத்துக்கு அப்படி எளிய காகித வழி நம் சந்தையில் இல்லை. கட்டியாகவோ நாணயமாகவோ வாங்கலாம். செய்கூலி குறையும், ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடத்தை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## யாருக்கு எது

விவசாயம், சிறு வியாபாரம், தினக்கூலி என்று வருமானம் மேலும் கீழும் போகிறவர்களுக்குத் தங்கம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணத்துக்குச் சேர்ப்பவர்களுக்கும் அதுவே. பெண்ணுக்குப் போடும்போது சம்பந்தி வீட்டார் பவுன் கணக்கில்தான் கேட்பார்கள். இந்த வழக்கம் எனக்கு உவப்பானதல்ல, ஆனாலும் அது இருக்கிறது.

பிளாட்டினம் யாருக்கு? நிலையான சம்பளம் உள்ளவர், கையில் ஏற்கெனவே போதுமான தங்கமும் வங்கி வைப்பும் உள்ளவர், பத்து வருஷம் தொட வேண்டிய தேவை வராது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர். அவர் உலோகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை, நகையாக அல்லாமல் கட்டியாக வாங்கலாம். தங்கத்தை ஆட்டும் காரணமும் பிளாட்டினத்தை ஆட்டும் காரணமும் வேறு என்பதால் அந்த ஒரு பங்குக்கு நியாயம் இருக்கிறது. போட்டு அழகு பார்க்க வாங்குகிறவர்களும் தாராளமாக வாங்கலாம். கருக்காது, உறுதியானது, வாழ்நாள் முழுக்க உழைக்கும். அதை முதலீட்டுக் கணக்கில் எழுதாமல் துணிமணிச் செலவோடு எழுதிக்கொள்ளுங்கள்.

கந்துவட்டிக் கடன் இருப்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு முதலில் கடனை அடைக்க வேண்டும். எந்த உலோகமும் அந்த வட்டி வேகத்துக்கு ஏறாது.

மாந்தோப்புக்காரர் கல் இல்லாத, சேதாரம் குறைந்த இரண்டு வளையல் எடுத்தார். மீதிப் பணத்தை அடுத்த பருவத்து உரத்துக்கென்று வங்கியில் போட்டுவிட்டார். அடுத்த வருஷம் காய்ப்பு எப்படியோ, அந்த வளையல் ஒரு தடவையாவது சங்கத்துப் பெட்டகத்துக்கு வந்து போகும் என்று அவருக்கும் எனக்கும் தெரியும்.

ஓசூர்த் தம்பி மாதாமாதம் தங்க இ.டி.எஃப் வாங்கத் தொடங்கியிருக்கிறார். கூடவே கல்யாண நாளுக்கு ஒரு ஜோடி பிளாட்டினம் மோதிரம், ஆசைக்காக. பில்லையும் உறுதி அட்டையையும் எங்கே வைப்பது என்று போன் செய்து கேட்டார். வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே கவரில் வைத்து, மனைவிக்கும் இடத்தைக் காட்டிவிடச் சொன்னேன்.